பதின்மூன்றாவது தெரிவு: ஃபோர்மியூலா வன் ஒரே விசயத்தை ஏன் இரண்டு தரம் தடைசெய்தது?

கார் றேஸ் கேம் விளையாடின ஆக்களுக்கு இந்தப் பெயர் புதிதில்லை. செட்டிங்ஸுக்குள் போனால் ‘ட்ரக்ஷன் கொன்ட்ரோல்’ எண்டு ஒரு வரி இருக்கும். முழுதாகப் போடலாம், அரைவாசி போடலாம், அடியோடு நிறுத்தலாம். நிறுத்திவிட்டு முதல் வளைவில் அக்சிலரேட்டரை மிதித்துப் பாருங்கோ, கார் பம்பரம் மாதிரிச் சுத்தும்.

அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு ஃபோர்மியூலா வன் பதினைந்து வருசம் மல்லுக்கட்டியது. 1994இல் தடை, 2001இல் அனுமதி, 2008இல் மறுபடி தடை. தடைசெய்த ஒன்றை ஏன் திரும்பவும் தடைசெய்ய வேண்டி வந்தது?

முதலில் அது என்ன செய்யுது எண்டு பார்ப்பம். ரயர் தரையைப் பிடிக்கிறதுக்கு ஓர் எல்லை இருக்கு. வளைவில் திரும்பும்போது அந்தப் பிடியில் பெரும்பங்கு திரும்புறதுக்கே செலவாகிவிடும். மிச்சம் இருக்கிற கொஞ்சத்தில்தான் வேகமெடுக்கலாம். 1993இல் ஒரு ஃபோர்மியூலா வன் காரின் எடை 500 கிலோவைக் கொஞ்சம் தாண்டும். எஞ்சினோ 700 குதிரைவலுவுக்கு மேலே. அந்தப் பலத்தை அவசரப்பட்டு இறக்கினால் பின் சில்லுகள் வீணாகச் சுழன்று, காரின் பின்பக்கம் முன்னுக்கு வந்துவிடும். எவ்வளவு மிதிக்கலாம் எண்டு சாரதியின் வலது கால்தான் கணக்குப் பார்க்க வேணும். மழை நாளில் பெரிய சாரதி யார், சாதாரண சாரதி யார் எண்டு காட்டிக்கொடுக்கிறதும் அந்தக் கால்தான்.

ட்ரக்ஷன் கொன்ட்ரோல் அந்தக் கணக்கைக் கொம்பியூட்டரிடம் கொடுத்தது. முன் சில்லு எவ்வளவு வேகமாகச் சுழலுது, பின் சில்லு எவ்வளவு வேகமாகச் சுழலுது எண்டு சென்சர் அளக்கும். பின் சில்லு அளவுக்கு மீறி முந்தினால், கொம்பியூட்டர் எஞ்சினின் தீப்பொறியையோ எரிபொருளையோ கணநேரம் வெட்டிவிடும். சாரதி முழுதாக மிதித்துக்கொண்டிருந்தாலும் கார் வழுக்காது. எஞ்சின் சத்தம் மட்டும் திக்கித் திக்கி வரும். இந்தத் திக்கல் சத்தத்தை ஞாபகம் வைத்திருங்கோ, பிறகு தேவைப்படும்.

1992இல் நைஜல் மான்செல் ஒன்பது றேஸ்களை வென்று சம்பியனான வில்லியம்ஸ் காரில் இது இருந்தது. அடுத்த வருசம் அலன் புரொஸ்ட் சம்பியனான வில்லியம்ஸிலும் இருந்தது. அதே 1993 ஏப்ரலில், இங்கிலாந்தின் டொனிங்டன் பார்க்கில் நனைந்த தரையில் அயர்ட்டன் சென்னா ஐந்தாம் இடத்துக்குப் பின்தங்கி, முதல் சுற்று முடியமுன்னமே நாலு பேரை முந்தி முதலிடத்துக்கு வந்தார். இண்டைக்கும் ஆக்கள் வாய்பிளந்து பார்க்கிற சுற்று அது. அவருடைய மக்லாரனிலும் ட்ரக்ஷன் கொன்ட்ரோல் இருந்தது. ஆனால் தன் சிறந்த வெற்றி அதுவல்ல, 1985இல் போர்த்துக்கலின் எஸ்டொரிலில் மழைக்குள் பெற்ற முதல் வெற்றிதான் எண்டே சென்னா சொன்னார். எஸ்டொரிலில் இந்த உதவி ஒன்றும் இல்லை. உலகம் மெச்சின ஓட்டத்தில் மெசினின் பங்கு எவ்வளவு எண்டு அவருக்குத் தெரிந்திருந்தது.

செலவு ஏறிக்கொண்டே போகுது, சாரதியின் திறமை தெரியாமல் போகுது எண்டு சொல்லி, FIA எனப்படும் சர்வதேச மோட்டார் விளையாட்டு அமைப்பு 1994இலிருந்து இப்படியான மின்னணு உதவிகளைத் தடைசெய்தது. நல்ல நோக்கம்தான். ஆனால் அதில் ஒரு ஓட்டை இருந்தது. ட்ரக்ஷன் கொன்ட்ரோல் கழற்றி எடுத்து மேசையில் வைக்கக்கூடிய ஒரு பாகமில்லை. எஞ்சினை ஓட்டுறதுக்குக் கொம்பியூட்டர் எப்படியும் வேணும். சென்சர்களும் எப்படியும் இருக்கும். தடைசெய்யப்பட்டது அதற்குள் இருக்கிற சில வரி நிரல் மட்டும்தான். அதை வெளியில் நின்று பார்க்கிற எவராலும் காண முடியாது.

சந்தேகம் உடனேயே தொடங்கியது. 1994இல் வில்லியம்ஸுக்கு மாறியிருந்த சென்னாவின் கார், பழைய உதவிகள் இல்லாமல் முரண்டு பிடித்தது. முதல் றேஸில் பிரேசிலில் அவர் சுழன்று வெளியேற, பெனட்டன் அணியின் மைக்கல் ஷூமாக்கர் வென்றார். அடுத்த றேஸ் ஜப்பானின் அயிடாவில். முதல் வளைவிலேயே பின்னாலிருந்து இடிபட்ட சென்னா உடனே பிற்றுக்குத் திரும்பவில்லை. ஓடுபாதைக்குப் பக்கத்தில் நின்று, ஷூமாக்கரின் கார் கடந்து போகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். அந்தக் கார் சட்டப்படி ஓடவில்லை என்ற எண்ணத்தோடு திரும்பினார்.

இரண்டு கிழமை கழித்து, மே 1ஆம் திகதி, இத்தாலியின் இமோலாவில் முன்னணியில் ஓடிக்கொண்டிருந்தபோது சென்னா விபத்தில் இறந்தார். அந்த விபத்துக்கும் ட்ரக்ஷன் கொன்ட்ரோலுக்கும் முடிச்சுப் போடக் கூடாது. ஆனால் அவருடைய சந்தேகம் அவரோடு போகவில்லை.

இமோலாவில் முதல் மூன்று இடங்களைப் பிடித்த பெனட்டன், ஃபெராரி, மக்லாரன் அணிகளின் நிரல்களை FIA கேட்டது. பெனட்டனும் மக்லாரனும் உடனே கொடுக்கவில்லை. இரண்டுக்கும் தலா 100,000 டொலர் அபராதம். பெனட்டனின் நிரலை ஆராய்ந்தபோது ஒரு விசயம் வெளியே வந்தது. திரையில் தெரிகிற மெனுவில் பத்துத் தெரிவுகள்தான். அதையும் தாண்டிக் கீழே போனால், பெயர் எதுவும் காட்டாத பதின்மூன்றாவது தெரிவு ஒன்று இருந்தது. அது ‘லோஞ்ச் கொன்ட்ரோல்’. சில்லு வழுக்காமல் காரைப் புறப்பட வைக்கிற, ட்ரக்ஷன் கொன்ட்ரோலின் கூடப்பிறந்த தம்பி.

அது பழைய நிரலின் மிச்சம், வெட்டி எடுத்தால் வேறு பிழைகள் வரும் எண்டுதான் விட்டோம், பாவிக்கவில்லை எண்டு பெனட்டன் சொன்னது. பாவித்ததுக்கு ஆதாரம் இல்லை எண்டு FIAயும் முடித்தது. அந்த வருசம் ஷூமாக்கர் ஒரே ஒரு புள்ளியால் சம்பியனானார்.

அதுக்குப் பிறகும் சந்தேகம் ஓயவில்லை. எந்தக் கார் நல்லாகப் புறப்பட்டாலும், எந்த எஞ்சின் வளைவில் திக்கினாலும் மற்ற அணிகள் விரல் நீட்டின. கடைசியில் தன்னால் கண்காணிக்க முடியாது எண்டு ஏற்றுக்கொண்ட FIA, 2001 ஏப்ரலில் ஸ்பெயின் றேஸிலிருந்து ட்ரக்ஷன் கொன்ட்ரோலை மறுபடி அனுமதித்தது. களவைப் பிடிக்க ஏலாது, அப்போ எல்லாரும் செய்யுங்கோ எண்ட மாதிரி. நேர்மையான ஒப்புதல்தான், ஆனால் தோல்வியும்தான்.

2008இல் வந்த தடை வேறு மாதிரி. இந்த முறை FIA சட்டத்தோடு சேர்த்துப் பெட்டியையும் மாற்றியது. எல்லா அணிக்கும் ஒரே கொம்பியூட்டர், ஒரே அடிப்படை நிரல். மக்லாரனின் மின்னணு நிறுவனமும் மைக்ரோசொஃப்ட்டும் சேர்ந்து செய்தது. அணிகள் தங்களுக்கேற்ற எண்களை மாற்றலாம், நிரலில் கை வைக்க முடியாது. அந்த வருசத்து முதல் றேஸில் மெல்பேர்னில் 22 கார்கள் புறப்பட்டு அரைவாசிக்கும் குறைவாகவே முடித்தன. அதுக்கு இது மட்டும் காரணமில்லை. ஆனால் சாரதியின் வலது காலுக்குத் திரும்பவும் வேலை வந்துவிட்டது எண்டு பார்த்தவர்களுக்கு விளங்கியது. அந்தத் தடை இண்டைக்கும் நிற்குது.

எல்லா இடத்திலும் இது கூடாத பொருள் எண்டு நினைக்க வேண்டாம். GT3 றேஸ்களில் ட்ரக்ஷன் கொன்ட்ரோல் வெளிப்படையாகவே அனுமதி. ஸ்டியரிங்கில் ஒரு திருகி இருக்கும். ரயர் தேயத் தேய, மழை தூறத் தூற சாரதி அதைக் கூட்டிக் குறைப்பார். கூட வைத்தால் பாதுகாப்பு, ஆனால் வேகம் குறையும். எந்த அளவில் வைப்பது எண்டு தெரிவதே அங்கே ஒரு திறமை. எல்லாரிடமும் இருக்கு எண்டு எல்லாருக்கும் தெரிந்தால் அங்கே களவு எண்ட பேச்சுக்கே இடமில்லை.

ஆக, அந்தப் பதினைந்து வருசச் சண்டையை மனிதனா மெசினா என்ற கேள்வியாக மட்டும் பார்த்தால் பாதிதான் விளங்கும். சரிபார்க்க வழியில்லாத சட்டம் என்ன செய்யும் எண்டுதான் அது காட்டுது. களவு செய்தவரைப் பிடிக்காது. செய்யாதவரையும் காப்பாற்றாது. பெனட்டன் அதைப் பாவித்திருந்தால் மற்றவர்களின் வெற்றி பறிபோனது. பாவிக்காவிட்டால், ஷூமாக்கரின் முதல் சம்பியன் பட்டத்தின் மேல் துடைக்கவே முடியாத ஒரு கறை விழுந்தது. அயிடாவில் சென்னாவுக்கு எழுந்த கேள்விக்குப் பதில் சொல்லக்கூடிய பெட்டி பதினாலு வருசம் பிந்தித்தான் வந்தது.