ஹெரால்டு காரும் மஞ்சள் போல்ட்டும்

பொங்கல், தீபாவளி வந்தால் செய்திகளில் தவறாமல் வரும் ஊர் விக்கிரவாண்டி. காரணம் சுங்கச்சாவடியும் அதன் முன்னால் நிற்கும் வண்டி வரிசையும். ஆனால் சுங்கச்சாவடி வருவதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே கார் ஓட்டிகளுக்கு நன்றாகத் தெரிந்த ஊர் இது. சென்னையிலிருந்து ஜி.எஸ்.டி. சாலையில் தெற்கே வருபவர் இங்கே ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். நேராகப் போனால் விழுப்புரம், திருச்சி. இடப்பக்கம் திரும்பினால் பண்ருட்டி, கும்பகோணம், தஞ்சாவூர்.

1960-களில் இந்த முக்கில் திரும்பிய கார்களில் ஒன்று ஸ்டாண்டர்டு ஹெரால்டு. அது இந்தச் சாலையிலேயே பிறந்த கார்! விக்கிரவாண்டிக்கு வடக்கே நூறு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தூரத்தில், வண்டலூர் பகுதியில் இருந்தது ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனத்தின் தொழிற்சாலை. ஹெரால்டு அங்கே 1961-ல் வெளிவந்தது. வடிவமைத்தவர் இத்தாலியரான ஜியோவானி மிச்செலோட்டி. பிறகு கெஸல், கடைசியாக ஸ்டாண்டர்டு 2000. 1988-ல் அங்கே கார் உற்பத்தி நின்றுபோனது.

ஹெரால்டின் முன்பக்கத்தைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். மற்ற கார்களில் பானெட் மட்டும் திறக்கும். இதிலோ மட்கார்டு, விளக்கு எல்லாம் சேர்ந்து முன்பக்கம் முழுவதுமே முன்னோக்கிச் சாயும். உள்ளே இருக்கும் ஒவ்வொரு போல்ட்டும் பிராக்கெட்டும் ஸ்பிரிங்கும் வெட்டவெளியில் தெரியும். பெயின்ட் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும், உள்ளே போல்ட்டுகள் துருப்பிடித்திருந்தால் மானம் போய்விடும்.

சரி, புது போல்ட் வாங்கிப் போட்டால் என்ன? அங்கேதான் சிக்கல். ஹெரால்டு பிரிட்டிஷ் வடிவமைப்பு. அதன் மரைகள் அங்குலக் கணக்கிலானவை. இன்று ஹார்டுவேர் கடையில் சாதாரணமாகக் கிடைப்பது மில்லிமீட்டர் கணக்கு. அளவு கிடைத்தாலும் தலையில் உள்ள முத்திரை வேறாக இருக்கும். பழைய கார் அபிமானிகள் அதைப் பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். அது மட்டுமல்ல, 2021-ல் மத்திய அரசு கொண்டுவந்த விதிகளின்படி 50 வருடத்துக்கு மேற்பட்ட வண்டிகளை 'விண்டேஜ்' என்று தனியாகப் பதிவு செய்யலாம். எண் பலகையில் 'வி.ஏ.' என்ற எழுத்துகள் வரும். ஆனால் சேஸிஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றைப் பெரிதாக மாற்றாமல் அசல் வடிவில் வைத்திருக்க வேண்டும். விதி போல்ட்டைப் பற்றிப் பேசவில்லை. இருந்தாலும் அசல் என்ற சொல்லில் பற்றுள்ளவர்கள் போல்ட் வரைக்கும் போவார்கள். எனவே பழைய போல்ட்டையே சுத்தம் செய்து மறுபடியும் ஜிங்க் பிளேட்டிங் போடுவதுதான் வழி.

ஜிங்க் என்றால் துத்தநாகம். இந்தச் சொல்லே ஊர் சுற்றிய சொல். கிழக்கே வணிகம் செய்த போர்த்துக்கீசியர் இந்த உலோகத்தை 'துத்தநாகா' என்றார்கள். ஆங்கில வணிகர் ஏடுகளிலும் 'டூட்டநாக்' என்று ஏறியது. பெயர் மட்டுமா? உலோகத்தைப் பிரித்தெடுக்கும் வித்தையும் இங்கிருந்ததுதான். துத்தநாகம் பிடிவாதமான உலோகம். தாதுவிலிருந்து பிரிய ஆயிரம் டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். ஆனால் 907 டிகிரியிலேயே அது ஆவியாகிவிடும். அதாவது உலோகம் கிடைக்கும் நேரத்தில் கையில் இருப்பது புகை! காற்று பட்டால் மறுபடி சாம்பல். ராஜஸ்தானில் உதய்ப்பூருக்கு அருகே ஜாவரில் இதற்கு ஓர் உபாயம் கண்டுபிடித்தார்கள். கத்தரிக்காய் வடிவ மண் குடுவைகளில் தாதுவை அடைத்து, தலைகீழாகக் கவிழ்த்து, மேலே சூடு, கீழே குளிர்ச்சி. ஆவி கீழே இறங்கி உலோகமாகச் சொட்டும். ஒரு உலைக்கு 36 குடுவைகள். 1980-களின் தொடக்கத்தில் பிரிட்டிஷ் மியூசியம், பரோடா பல்கலைக்கழகம், ஹிந்துஸ்தான் ஜிங்க் மூன்றும் சேர்ந்து நடத்திய அகழாய்வில் அந்த உலைகள் வெளிப்பட்டன. எரிந்து முடிந்த குடுவைகளை அடுக்கியே அந்த ஊரில் சுவர் கட்டியிருக்கிறார்கள். ஐரோப்பாவில் பிரிஸ்டலைச் சேர்ந்த வில்லியம் சாம்பியன் இதற்குக் காப்புரிமை வாங்கியது 1738-ல்தான். ஜாவர் அதற்குப் பல நூற்றாண்டுகள் முந்தியது.

இரும்பின் மேல் துத்தநாகம் பூசுவதற்கும் நம் வீட்டுப் பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுவதற்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. ஈயப்பூச்சு ஒரு திரை, அவ்வளவுதான். தேய்ந்தால் அடியில் இருப்பது வெளியே வந்துவிடும். துத்தநாகமோ திரை மட்டுமல்ல, பலியாடும் கூட. வேதியியல் புத்தகத்தில் மின்முனை அழுத்தப் பட்டியலைப் பாருங்கள்: இரும்பு மைனஸ் 0.44 வோல்ட், துத்தநாகம் மைனஸ் 0.76 வோல்ட். இரண்டும் ஒட்டியிருக்கும்போது ஈரம் பட்டால் முதலில் அரிபடுவது துத்தநாகம். ஸ்பேனர் பட்டு போல்ட்டில் ஒரு கீறல் விழுந்தாலும், சுற்றியுள்ள துத்தநாகம் தான் கரைந்து இரும்பைக் காக்கும்.

உருக்கிய துத்தநாகத்தில் இரும்பை முக்கி எடுக்கும் முறைக்கு 1837-ல் பிரான்சில் சோரெல் காப்புரிமை பெற்றார். நம் ஜி.ஐ. பைப், ஜி.ஐ. வாளி எல்லாம் அந்த வம்சம். ஆனால் போல்ட்டை அப்படி முக்கினால் மரை அடைத்துக்கொள்ளும். அதற்குத்தான் மின்முலாம்.

பட்டறையில் நடப்பது இதுதான். முதலில் கிரீஸ் நீக்கம். பிறகு ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் துரு நீக்கம். கழுவல். சின்ன உருப்படிகளை ஓட்டையுள்ள பேரலில் போட்டுச் சுழலவிடுவார்கள். பெரியவற்றைக் கம்பியில் கட்டித் தொங்கவிடுவார்கள். தொட்டியில் துத்தநாகத் தகடு நேர்முனை, போல்ட் எதிர்முனை. ஒரு ஆம்பியர் மின்சாரம் ஒரு மணி நேரம் பாய்ந்தால் சுமார் 1.2 கிராம் துத்தநாகம் படியும். இது மைக்கேல் ஃபாரடேயின் 1834-ம் வருட விதி சொல்லும் கணக்கு. போல்ட்டுக்கு எட்டு மைக்ரான் கனம் போதும்; தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்கு அளவு. அதற்கு மேல் ஆசைப்பட்டால் நட் ஏறாது. மரையில் ஒரு மைக்ரான் ஏறினால் மரையின் விட்டத்தில் அது நான்கு மைக்ரானாக நிற்கும்.

துரு தின்ற குழிகளை முலாம் நிரப்பாது. பழைய போல்ட்டைக் கொடுத்துவிட்டு, "புதுசு மாதிரி வரவில்லையே" என்று சண்டை போடுபவர்களுக்கு இது புரிவதில்லை.

இதைவிட முக்கியமான ஒரு விஷயம் உண்டு. அமிலத்திலும் முலாம் தொட்டியிலும் ஹைட்ரஜன் உண்டாகிறது. மிகக் கெட்டியான எஃகுக்குள் அது புகுந்துகொள்ளும். வெளியே ஒன்றும் தெரியாது. பொருத்தி முறுக்கிச் சில மணி நேரமோ சில நாளோ கழித்து, போல்ட் கண்ணாடி மாதிரி டக்கென்று உடையும். அது ஸ்டீயரிங் போல்ட்டாக இருந்தால்? அதனால் கெட்டியான உருப்படிகளை முலாம் போட்ட சில மணி நேரத்துக்குள் 200 டிகிரி அளவு சூட்டில் பல மணி நேரம் அடுப்பில் வைக்க வேண்டும். கிலோ கணக்கில் எல்லாவற்றையும் ஒரே பேரலில் கொட்டும் இடத்தில், எது சாதாரண போல்ட், எது கெட்டி போல்ட் என்று பிரித்துக் கொடுப்பது காரை மீட்டெடுப்பவரின் பொறுப்பாகிவிடுகிறது.

இந்தியாவில் இந்த வித்தையை ஆராய்வதற்கென்றே ஒரு நிறுவனம் இருக்கிறது. அதற்கும் விக்கிரவாண்டி முக்கில் திரும்பிப் போகலாம். தஞ்சாவூர், புதுக்கோட்டை தாண்டி காரைக்குடி. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948 ஜூலை 25 அன்று நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14, பொங்கல் நாளில் டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். அதுதான் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், சுருக்கமாக 'செக்ரி'. உப்புக் காற்றில் உலோகம் என்ன ஆகிறது என்று பார்ப்பதற்கு மண்டபத்திலும் அதற்கு ஓர் ஆய்வு மையம் உண்டு. உப்புக் காற்றின் வேலையைப் பார்க்க அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். திண்டிவனத்துக்குக் கிழக்கே மரக்காணம் உப்பளங்களுக்குப் பக்கத்தில் ஒரு சைக்கிளை ஒரு மழைக்காலம் நிறுத்தி வைத்தால் போதும்!

இனி அந்த மஞ்சள் நிறத்துக்கு வருவோம்.

துத்தநாகம் தானாக மஞ்சளாக இருக்காது. வெளிர் நீலம் கலந்த வெள்ளை. ஈரம் பட்டால் அதன்மேல் வெள்ளையாகப் பொடி பூக்கும். அதைத் தடுக்க 1930-களில் அமெரிக்காவின் நியூஜெர்சி ஜிங்க் நிறுவனம் ஒரு வழி கண்டது. முலாம் போட்ட பொருளைச் சோடியம் டைக்குரோமேட்டும் அமிலமும் கலந்த நீரில் சில விநாடிகள் முக்கி எடுப்பது. வெளியே வரும்போது பொன்மஞ்சள். சாய்த்துப் பார்த்தால் பச்சையும் ரோஜா நிறமும் ஓடும். அழகு மட்டுமல்ல, கீறல் விழுந்தால் படலத்திலிருந்து குரோமியம் கசிந்து வந்து கீறலை மூடும். சூடுதான் அதற்கு ஆகாது, 60 டிகிரியைத் தாண்டினால் படலம் வெடித்துப் போகும். அதனால் அடுப்பு வேலையை முடித்துவிட்டுத்தான் இந்த மஞ்சள் குளியல்.

பழைய கார்களின் போல்ட்டில் நாம் ரசிக்கும் நிறம் இதுதான். அந்த நிறத்தைக் கொடுப்பது ஆறிணைதிற குரோமியம். 1990-ல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை அதைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்தது. முடிந்த போல்ட்டைத் தொடுபவருக்கு அவ்வளவு ஆபத்தில்லை. தொட்டியின் அருகே நின்று அதன் தூவானத்தைச் சுவாசிப்பவருக்கும், கழிவுநீர் போய்ச் சேரும் ஊருக்கும்தான் ஆபத்து.

அந்த ஊர் எப்படி இருக்கும் என்பதற்கு ராணிப்பேட்டை சாட்சி. அங்கே சிப்காட்டில் தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் என்ற ஆலை 1975 முதல் 1990-களின் நடுப்பகுதி வரை சோடியம் டைக்குரோமேட் முதலியவற்றைத் தயாரித்தது. பெரும்பகுதி தோல் பதனிடும் தொழிலின் தேவைக்காக. ஆனால் பொருள் அதேதான், மஞ்சள் தொட்டியில் கரைக்கும் அதே உப்பு. ஆலை மூடியபின் ஒன்றரை லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட குரோமியக் கழிவு மலையாக அங்கேயே கிடந்தது. மழை பெய்தால் மஞ்சள் தண்ணீர் ஓடியது. கிணறுகள் கெட்டன. 2006-ல் பிளாக்ஸ்மித் நிறுவனம் வெளியிட்ட உலகின் மிக மோசமாக மாசுபட்ட பத்து இடங்களின் பட்டியலில் செர்னோபிலோடு ராணிப்பேட்டையின் பெயரும் இருந்தது. ராணிப்பேட்டையை ஒட்டி வரும் பாலாற்றைத்தான் செங்கல்பட்டுக்குத் தெற்கே ஜி.எஸ்.டி. சாலை பாலம் போட்டுக் கடக்கிறது. ஹெரால்டு கார்கள் அந்த ஆற்றைத் தாண்டித்தான் விக்கிரவாண்டிக்கு வந்தன.

ஐரோப்பிய ஒன்றியம் 2007 ஜூலை முதல் புதிய கார்களின் பாகங்களில் ஆறிணைதிறக் குரோமியப் பூச்சைத் தடை செய்தது. இடத்தைப் பிடித்தது மூவிணைதிறக் குரோமியம். விஷம் மிகக் குறைவு, உப்புப் புகைச் சோதனையிலும் நன்றாகவே தாங்குகிறது. ஆனால் தானாக வருவது வெளிர் நீல நிறம். மஞ்சள் வேண்டுமென்றால் சாயம் சேர்க்க வேண்டும். அந்தச் சாய மஞ்சள் கொஞ்சம் எலுமிச்சை மாதிரி தட்டையாக இருக்கிறது, பச்சையும் ரோஜாவும் ஓடுவதில்லை என்று குறை சொல்லும் கார் பிரியர்கள் இருக்கிறார்கள். குறை உண்மைதான். பானெட்டைத் தூக்கிவைத்த ஒரு கண்காட்சியில் தெரிந்தவர் கண்ணுக்கு அந்த வித்தியாசம் தெரியும்.

பழைய முறையிலேயே போடும் பட்டறைகள் கழிவைச் சுத்தம் செய்ய வழி இல்லாமலும் இல்லை. கழுவிய நீரை ஒரு தொட்டியில் சேர்த்து, அமிலம் விட்டு, சோடியம் மெட்டாபைசல்பைட் போட வேண்டும். ஆறிணைதிறம் மூவிணைதிறமாக மாறும். மஞ்சள் நீர் கண்முன்னே பச்சையாகும். பிறகு சுண்ணாம்பு. பச்சைச் சேறு அடியில் படியும். அதை வடிகட்டிக் காயவைத்து, மூட்டை கட்டி, ஆபத்தான கழிவு என்று எழுதி, அதற்கென்று உள்ள கிடங்குக்கு அனுப்ப வேண்டும். அதற்கான செலவையும் சேர்த்தால்தான் மஞ்சள் போல்ட்டின் உண்மையான கிலோ விலை தெரியும்.