ஒஃபுரோ மரத்தொட்டி

ஒஃபுரோ மரத்தொட்டி என்பது ஜப்பானில் மரப்பலகைகளைக் கொண்டு கையால் செய்யப்படும் ஆழமான குளியல் தொட்டி ஆகும். தற்போது பெரும்பாலான வீடுகளில் நெகிழித் தொட்டிகளே உள்ளன. மரத்தொட்டிகளை வெந்நீரூற்று விடுதிகளிலும் சில வீடுகளிலும் காணலாம்.

குளிப்பவர் உடலை வெளியே கழுவிய பின்னரே தொட்டியில் இறங்குவார். நீரின் வெப்பநிலை ஏறத்தாழ 40 முதல் 42 பாகை செல்சியசு வரை இருக்கும். அதே நீரைக் குடும்பத்தினர் அடுத்தடுத்துப் பயன்படுத்துவர். இதனால் பலகைகள் நெடுநேரம் வெந்நீரில் ஊறிப் பின் காற்றில் உலர்கின்றன. மரத்தை உளுக்கச் செய்யும் பூஞ்சைகளுக்கு ஈரமும் காற்றும் சேர்ந்து தேவை. எனவே எப்போதும் நீரில் மூழ்கியிருக்கும் மரத்தைவிட இத்தகைய மரம் விரைவில் கெடும்.

மரத்தின் இயல்புகள்

எந்த இனமாயினும் வைரக்கட்டையே பயன்படும். வெளிப்புறச் சாற்றுக்கட்டை எளிதில் உளுத்துவிடும். பலகை அறுக்கப்படும் திசையும் முதன்மையானது. மரம் ஆண்டு வளையங்களின் போக்கில் விரிவது, ஆரத்தின் போக்கில் விரிவதைப் போல ஏறத்தாழ இரு மடங்கு ஆகும். ஆகவே பலகையின் அகலம் ஆரத்தின் போக்கில் அமையுமாறு அறுக்கின்றனர். இது மசாமே எனப்படும். ஆனால் சாக்கே மதுப் பீப்பாய்களுக்கு இதற்கு மாறான இத்தாமே அறுப்பே ஏற்றது. வளையங்கள் பலகையின் பரப்புக்கு இணையாக அமைந்து கசிவைத் தடுக்கின்றன.

ஓக்கு மரம் உறுதியானது எனினும் அதிலுள்ள டானின் இரும்புடன் வினைபுரிந்து கருங்கறை உண்டாக்கும். சிவப்பு ஓக்கின் நுண்குழாய்கள் திறந்திருப்பதால் நீர் கசியும்.

மரவகைகள்

ஹினோக்கி இவற்றுள் புகழ்பெற்றது. 20 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிதாகக் கட்டப்படும் இசே கோயிலுக்கும் இம்மரமே பயன்படுகிறது. ஹினோக்கித்தியோல் என்னும் பூஞ்சை எதிர்ப்புச் சேர்மம் 1936 இல் தெட்சுவோ நோசோயேயால் தைவான் ஹினோக்கியிலிருந்து கண்டறியப்பட்டது. பெயரைக் கண்டு மயங்கலாகாது: ஜப்பானிய ஹினோக்கியில் இது மிகக் குறைவு, ஹிபா மரத்திலேயே மிகுதி. மணத்தை மட்டும் கருதினால் ஹினோக்கி, பூஞ்சை எதிர்ப்பைக் கருதினால் ஹிபா எனலாம்.

கோயாமக்கி நீரை நன்கு தாங்கும். பண்டைய ஜப்பானில் சவப்பெட்டிகள் இதனால் செய்யப்பட்டன. கொரியாவில் பெக்சே மன்னர் முர்யோங்கின் கல்லறையிலிருந்த சவப்பெட்டியும் இம்மரமே. சவாரா எடை குறைந்தது, மணமும் குறைவு; சோற்றுத் தொட்டிகளுக்கும் பயன்படும்.

இந்நான்கும் கிசோ மலைப்பகுதியின் ஐந்து மரங்களுள் அடங்கும். எடோ காலத்தில் அங்கு ஓவாரி அரசு இவற்றை வெட்டத் தடை விதித்தது. ஒரு மரத்துக்கு ஒரு தலை என்னும் வழக்கு அத்தண்டனையின் கடுமையைக் காட்டுகிறது.

ஹினோக்கியின் பேரினத்தைச் சேர்ந்த போர்ட்டு ஓர்ஃபோர்டு சிடார் அமெரிக்காவின் ஓரிகன் பகுதியிலிருந்து ஜப்பானுக்கு ஏற்றுமதியானது. வேரழுகல் நோய் அம்மரங்களைப் பெருமளவில் அழித்துள்ளது. வட அமெரிக்கத் தொட்டிகளில் பயன்படும் மேற்கத்திய செஞ்சிடாரின் தூளிலுள்ள பிளிக்காட்டிக் அமிலம் தச்சர்களுக்கு ஆசுத்துமா உண்டாக்கும். எனவே அதை அறுக்கும்போது முகமூடி இன்றியமையாதது.

பராமரிப்பு

ஊறிய பலகைகள் விரிந்து இணைப்புகளை அடைக்கின்றன. தொட்டி பல நாட்கள் வெறுமையாகக் கிடந்தால் பலகைகள் சுருங்கிக் கசியும். மறுபுறம், குளித்தபின் நீரை அப்படியே தேக்கி வைத்தால் வழுவழுப்பும் கருமையும் படியும். ஆகவே நீரை வடித்து, துடைத்து, வெயில் நேரடியாகப் படாத காற்றோட்டத்தில் உலரவிடுவர்.