பெருஞ்சாலையிலிருந்து சிறுசாலைக்கு: இங்கிலாந்தின் மிதிவண்டிப் பயண மரபு

இங்கிலாந்தின் நாட்டுப்புறத்தில், உயிர்வேலிகளுக்கு இடையே வளைந்து செல்லும் ஒடுங்கிய சிறுசாலைகளில், போட்டியோ அவசரமோ இன்றி ஊருக்கு ஊர் மிதிவண்டியில் நிதானமாகச் செல்லும் வழக்கத்துக்கு ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டு வரலாறு உண்டு. அந்தச் சாலைகளும் மிதிவண்டியும் தொடக்கம் முதலே இணைபிரியாதவை என்ற எண்ணம் பயண நூல்களையும் ஓவியங்களையும் காண்பவருக்கு எளிதில் தோன்றும், நடந்தது வேறு. முதல் தலைமுறைப் பயணிகள் விரும்பிச் சென்றவை நாட்டின் பெருஞ்சாலைகளே; அவற்றை மோட்டார் வாகனம் கைப்பற்றிய பின்னரே அவர்களுக்கு அடுத்து வந்தவர்கள் சிறுசாலைகளுக்கு ஒதுங்கினர்; ஒதுங்கிய இடத்தில் ஒரு தனிக் கலையையே வளர்த்தெடுத்தனர்.

பெருஞ்சாலைகள் அவர்களுக்குக் கிடைத்ததற்கு ரயில் பாதையே காரணம். பதினெட்டாம் நூற்றாண்டில் பெருகிய சுங்கச்சாலை அறக்கட்டளைகள், அதாவது வழிப்போக்கர்களிடம் சுங்கம் வசூலித்து அந்தப் பணத்தில் சாலையைப் பேணிய அமைப்புகள், லண்டனிலிருந்து பாத், யார்க், போர்ட்ஸ்மத் முதலிய நகரங்களுக்குச் சென்ற வழிகளைக் குதிரை வண்டிகள் விரைந்து ஓடும் தரத்துக்கு உயர்த்தியிருந்தன. 1840களில் ரயில் பரவியதும் தொலைதூரக் குதிரை வண்டிகள் ஒவ்வொன்றாக நின்றன, வழியோர விடுதிகளின் லாயங்கள் வெறுமையாயின, வருவாய் இழந்த அறக்கட்டளைகள் கலைக்கப்பட்டன. வேல்ஸின் ஆங்கிள்சி தீவில் எஞ்சியிருந்த கடைசிச் சுங்கச்சாலையும் 1895 நவம்பரில் முடிவுக்கு வந்தது. ஆக, 1870களில் பெரிய முன்சக்கரமும் சிறிய பின்சக்கரமும் கொண்ட உயர்ந்த மிதிவண்டி புழக்கத்துக்கு வந்தபோது, அகலமான, மேடுகள் குறைக்கப்பட்ட, ஏறக்குறைய ஆளரவமற்ற சாலைகள் அதற்காகவே காத்திருந்தன எனலாம். லண்டனுக்குத் தென்மேற்கே இருபது மைலுக்குச் சற்று மேற்பட்ட தொலைவில் போர்ட்ஸ்மத் சாலையில் உள்ள ரிப்ளி என்னும் சிற்றூர், ஞாயிறுதோறும் தலைநகரிலிருந்து மிதிவண்டியோட்டிகள் திரளும் இடமாயிற்று. அங்குள்ள ‘ஆங்கர்’ விடுதியில் அவர்கள் பெயர் எழுதிச் சென்ற வருகைப் பதிவேடுகள் அக்காலத்தின் நேரடிச் சான்றுகளாகும்.

இவ்வழக்கத்துக்கு அமைப்பு வடிவம் தந்தது 1878 ஆகஸ்டில் யார்க்ஷயரின் ஹாரோகேட் நகரில் ஸ்டான்லி காட்டரெல் என்பவரின் முயற்சியால் தோன்றிய பயணக் கழகம். 1883இல் ‘சைக்கிளிஸ்ட்ஸ் டூரிங் கிளப்’ எனப் பெயர் மாறிய அக்கழகம், சிறகு முளைத்த சக்கரத்தைச் சின்னமாகக் கொண்டு, உறுப்பினருக்கு நியாயமான கட்டணத்தில் உணவும் படுக்கையும் தர ஒப்புக்கொண்ட விடுதிகளின் பட்டியலைக் கையேடாக வெளியிட்டது. ஊர்தோறும் ‘கான்சல்’ எனப்பட்ட உள்ளூர்ப் பிரதிநிதி ஒருவரை அமர்த்தி, வழி விசாரிக்கவும் உதவி கேட்கவும் வகை செய்தது. செங்குத்தான இறக்கங்களின் உச்சியில், தடையாற்றல் குறைந்த அன்றைய வண்டிகளுக்கு எச்சரிக்கையாக, ஆபத்துப் பலகைகளை நாட்டியது. 1888ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டம் மிதிவண்டியைச் சாலையில் செல்லும் உரிமையுள்ள வண்டியாக நாடு முழுவதும் ஏற்று, ஊருக்கொன்றாக இருந்த தடை விதிகளை நீக்கியது. இச்சட்டமே மிதிவண்டிப் பயணத்தின் அடித்தளம் என்று கொள்வது மிகையாகாது.

அதற்குள் வண்டியும் மாறியிருந்தது. கவென்ட்ரி நகரில் ஜான் கெம்ப் ஸ்டார்லி 1885இல் உருவாக்கிய ‘ரோவர்’ வண்டியில் இரு சக்கரங்களும் ஏறத்தாழ ஒரே அளவில் இருந்தன. மிதியின் விசையைச் சங்கிலி பின்சக்கரத்துக்குக் கொண்டு சென்றது. 1888இல் ஜான் டன்லப் காப்புரிமை பெற்ற காற்றடைத்த டயரும் சேர்ந்தபின், தலைகுப்புற விழும் அச்சமும் உடலை உலுக்கும் அதிர்ச்சியும் பெரிதும் குறைந்து, வயதானவரும் பெண்களும் நாள் முழுவதும் பயணம் செய்ய இயன்றது. ஆனால் சட்டம் திறந்த கதவைச் சமூகம் எல்லோருக்கும் திறந்துவிடவில்லை. 1898 அக்டோபரில் பெண்களின் உடைச் சீர்திருத்தத்துக்காகப் பாடுபட்ட ஹார்பர்ட்டன் சீமாட்டி, நீண்ட பாவாடைக்குப் பதிலாக முழங்காலளவில் பிரிந்த காலுடை அணிந்து சர்ரே மாவட்டத்தின் ஆக்கம் ஊரிலுள்ள ‘ஹாட்பாய்’ விடுதிக்கு மிதிவண்டியில் வந்து மதிய உணவு கேட்டார். விடுதி நடத்திய பெண்மணி அந்த உடையோடு உணவுக்கூடத்தில் அமர விடாமல், மதுக்கடையை ஒட்டிய அறையில் வேண்டுமானால் உணவு தரலாம் என்றார். கழகம் வழக்குத் தொடர்ந்தது. மாற்று அறை தர முன்வந்ததால் உணவு மறுக்கப்பட்டதாகாது என்ற வாதம் ஏற்கப்பட்டு, 1899இல் விடுதி தரப்பு குற்றமற்றதெனத் தீர்ப்பாயிற்று. கழகம் வழக்கில் தோற்றது. எனினும் ஒரு பெண்ணின் பயண உரிமைக்காக ஓர் அமைப்பு நீதிமன்றம் ஏறியதே பெரிய செயல்.

அதே 1899இல் கழகத்தின் உறுப்பினர் எண்ணிக்கை 60,000ஐத் தாண்டியது. தொடக்கத்தில் வசதி படைத்தோரின் பொழுதுபோக்காக இருந்த பயணம், வண்டியின் விலை இறங்க இறங்க, எழுத்தர்களையும் கடைச் சிப்பந்திகளையும் ஆலைத் தொழிலாளரையும் எட்டியது. எச். ஜி. வெல்ஸ் 1896இல் வெளியிட்ட ‘தி வீல்ஸ் ஆஃப் சான்ஸ்’ நாவலின் நாயகன், ஆண்டு விடுமுறையைத் தென் இங்கிலாந்தின் சாலைகளில் மிதிவண்டியில் கழிக்கும் ஒரு துணிக்கடை ஊழியன். ராபர்ட் பிளாட்ச்ஃபோர்டின் சமத்துவக் கொள்கை இதழான ‘கிளாரியன்’ பெயரால் 1894இல் பர்மிங்காமில் தோன்றிய மிதிவண்டிக் கழகம், ஞாயிற்றுக்கிழமை உலாவைக் கொள்கைப் பரப்பலோடு இணைத்தது. லங்காஷயரின் நெல்சன் நகரத் தொழிலாளர்கள் 1912இல் அருகிலுள்ள மலைச்சரிவில் கட்டிய ‘கிளாரியன் ஹவுஸ்’ இன்றும் ஞாயிறுதோறும் திறந்து, வழிவருவோருக்குத் தேநீர் தருகிறது.

இவ்வரலாற்றின் துயரமான திருப்பம் சாலைச் சீரமைப்பிலிருந்தே வந்தது. சுங்க அமைப்புகள் கலைந்தபின் பராமரிப்பின்றிக் கெட்டுவந்த சாலைகளுக்காகக் குரல் கொடுக்க, மிதிவண்டி அமைப்புகள் 1886இல் சாலை மேம்பாட்டுச் சங்கத்தை நிறுவின. அவை கேட்ட நல்ல சாலை வந்தது. அதன் முழுப் பயனையும் பெற்றது மோட்டார் வாகனம். அதன் வேக வரம்பு 1896இல் மணிக்கு 14 மைலாகவும் 1903இல் 20 மைலாகவும் உயர்ந்து, 1930ஆம் ஆண்டுச் சட்டத்தால் கார்களுக்கு அடியோடு நீக்கப்பட்டது. 1934 டிசம்பரில் லண்டனின் மேற்கே வெஸ்டர்ன் அவென்யூ சாலையோரம் மிதிவண்டிக்கெனத் தனித்தடம் திறக்கப்பட்டபோது பயணக் கழகம் அதை எதிர்த்தது. தனித்தடம் தரப்பட்டால் பொதுச்சாலையில் செல்லும் உரிமை பறிபோகும் என்பது அதன் கவலை. பெருஞ்சாலையில் அமைதி போய்விட்ட நிலையில், பயணிகள் தாமாகவே கிளைவழிகளைத் தேடிச் சென்றனர்.

அவர்கள் சென்றடைந்த சிறுசாலைகள் மிதிவண்டியை விடப் பல நூற்றாண்டு மூத்தவை. வயலுக்கும் பண்ணைக்கும் தேவாலயத்துக்கும் ஆட்களும் கால்நடைகளும் நடந்து நடந்து உருவானவை. அவற்றின் வடிவம் நிலவுடைமையின் வரலாற்றைக் காட்டுகிறது. மத்திய இங்கிலாந்தின் பல பகுதிகளில், பொது வயல்களைப் பிரித்துத் தனியுடைமையாக்கிய வேலியடைப்புச் சட்டங்களின்படி ஆணையர்கள் வரைபடத்தில் கோடிட்டு அமைத்த சாலைகள் நேராகவும், இருபுறமும் அகன்ற புல்வரம்போடும் செல்கின்றன. டெவன் போன்ற மாவட்டங்களிலோ வயல்கள் மிகப் பழங்காலத்திலேயே வேலியிடப்பட்டுவிட்டதால், சாலை ஒவ்வொரு வயலின் எல்லையையும் சுற்றி வளைகிறது. நூற்றாண்டுகளாகச் சக்கரமும் குளம்பும் மழைநீரும் அரித்ததில் தரை தாழ்ந்து, இருபுறமும் ஆளுயரத்துக்கு மேல் மண்கரை எழுந்து, கரைமீது ஹேசலும் ஹாத்தார்னும் அடர்ந்து நிற்கின்றன. நடுவே புல் முளைத்த அத்தகைய சாலையில் செல்பவருக்கு வயலின் வாயிற்கதவு வரும் இடத்தில்தான் வெளியுலகம் தெரியும். கதவின்மேல் கையூன்றி நின்று பள்ளத்தாக்கைப் பார்ப்பதற்காகவே வண்டியை நிறுத்துவது பயணத்தின் ஓர் அங்கமாயிற்று.

இச்சாலைகளில் வழி தவறுவது எளிது என்பதால் வரைபடம் இன்றியமையாததாயிற்று. எடின்பரோவின் பார்தாலமியூ நிறுவனம் ஒரு மைலுக்கு அரை அங்குலம் என்ற அளவில் வெளியிட்ட வரைபடங்களில், தாழ்நிலம் பச்சையிலும் மேட்டுநிலம் பழுப்பிலும் அச்சிடப்பட்டதால், எந்தச் சாலையில் எவ்வளவு ஏற்றம் என்பதை வண்டியோட்டி முன்கூட்டியே கணிக்க முடிந்தது. சாலைகளின் நிலை பற்றிய திருத்தங்களைக் கழக உறுப்பினர்களே அனுப்பி உதவினர். சந்திப்புகளில் நின்ற கைகாட்டி மரங்கள் மற்றொரு துணை. 1940இல் ஜெர்மானியப் படையெடுப்பை அஞ்சிய அரசு அவற்றைப் பிடுங்கச் செய்தபோது, உள்ளூராரே தடுமாறும் நிலை வந்தது. நாட்டிங்காமில் உருவாகி 1903இல் விற்பனைக்கு வந்த ‘ஸ்டர்மி-ஆர்ச்சர்’ மூவேக கியர், பின்சக்கரத்தின் குடத்துக்குள் அடங்கி, சிறுசாலைகளின் திடீர் ஏற்றங்களைத் தாங்கக்கூடியவை ஆக்கிற்று. ‘சைக்கிளிங்’ இதழில் 1893 முதல் 1952இல் இறக்கும்வரை ஃபிராங்க் பேட்டர்சன் பேனாவால் வரைந்த கோட்டோவியங்கள், ஓடு வேய்ந்த வீட்டையும் ஒற்றைப் பாலத்தையும் அதனருகே சாய்த்து வைத்த வண்டியையும் ஒரு தலைமுறையின் மனத்தில் பதித்தன. 1930இல் தோன்றிய இளைஞர் விடுதிச் சங்கம் இரவொன்றுக்கு ஒரு ஷில்லிங்குக்குப் படுக்கை தந்ததால், நகரத் தொழிலாளரின் பிள்ளைகளும் வாரக்கணக்கில் பயணம் செய்ய வழி பிறந்தது.

போருக்குப் பின், 1949இல் பிரிட்டனில் மிதிவண்டியில் கடக்கப்பட்ட மொத்தத் தொலைவு ஏறத்தாழ 1,500 கோடி மைல். கார் பெருகியதால் 1970களின் தொடக்கத்தில் அது ஆறில் ஒரு பங்காகச் சுருங்கிற்று. அந்த வீழ்ச்சியின் நடுவிலும் சில உரிமைகள் வென்றெடுக்கப்பட்டன: 1968ஆம் ஆண்டின் நாட்டுப்புறச் சட்டம் குதிரையோட்டிகளுக்கான பாதைகளை மிதிவண்டிக்கும் திறந்துவிட்டது, பிரிஸ்டலில் 1977இல் கூடிய ஆர்வலர்களிடமிருந்து வளர்ந்த ‘சஸ்ட்ரான்ஸ்’ அமைப்பு, கைவிடப்பட்ட ரயில் தடங்களையும் சிறுசாலைகளையும் இணைத்து 2000க்குள் 5,000 மைல் தேசிய மிதிவண்டி வலையமைப்பைத் திறந்தது. நார்ஃபோக்கிலும் கென்ட்டிலும் நடந்த முன்னோட்டங்களை ஒட்டி, 2000ஆம் ஆண்டுப் போக்குவரத்துச் சட்டம் உள்ளாட்சிகள் ஒரு சாலையை ‘அமைதிச் சிறுசாலை’ என அறிவிக்க இடமளித்தது. அந்த அறிவிப்பு மட்டும் வேக வரம்பை மாற்றுவதில்லை. தனி வரம்பு விதிக்கப்படாத நாட்டுப்புறச் சிறுசாலையில், இரண்டு வண்டிகள் விலக இடமில்லாத இடத்திலும், காருக்கு மணிக்கு 60 மைல் என்பதே இன்றைய சட்டம். சாலைகளைச் செப்பனிடக் கேட்டவர்களின் வழிவந்தோருக்கு இங்கிலாந்து பட்டிருக்கும் கடன் இந்த ஒரு விதியைத் திருத்தும்வரை தீராது.