கைத்தழும்பு கூறும் சரித்திரம்

பெரியம்மை கண்ட வீட்டின் வாசலில் வேப்பிலை செருகி, அடுக்களையில் தாளிப்பை நிறுத்தி, ‘அம்மா வந்திருக்கிறாள்’ என்று பயபக்தியோடு பேசிவந்த நம் முன்னோரிடம், பசுவின் அம்மைப்பாலைக் கையில் குத்திக்கொள்ளுங்கள் என்று அந்நியர் ஒருவர் வந்து சொன்னபோது, அவர்கள் திகைத்துப் பின்வாங்கியதை அஞ்ஞானம் என்று தள்ளிவிடுவது நியாயமாகாது.

1796-ல் இங்கிலாந்தில் ஜென்னர் என்னும் வைத்தியர் பரீட்சித்துக் கண்ட இம்முறை, 1802 ஜூன் மாதத்தில் பம்பாயில் மூன்று வயதுப் பெண் குழந்தை ஒருத்தியின் கையில் பலித்து, அங்கிருந்து தேசமெங்கும் பரவலாயிற்று. ஒரு குழந்தையின் கொப்புளத்து நீரையே அடுத்த குழந்தைக்கு இட்டுச் செல்லவேண்டியிருந்தபடியால், ஜாதி ஆசாரமும், பெற்ற வயிற்றின் கலக்கமும், தெய்வ கோபத்தைப் பற்றிய அச்சமும் ஒருங்கே குறுக்கே நின்றன. வீட்டுப் பாட்டியின் சம்மதமின்றிக் குழந்தையின் கை நீளாது என்பதை அதிகாரிகள் மெல்ல மெல்ல உணர்ந்தார்கள். சென்னையில் கலெக்டராயிருந்தவரும் தமிழில் தோய்ந்தவருமான எல்லிஸ் துரை, அம்பிகையும் தன்வந்திரியும் சம்பாஷிப்பதாகத் தமிழிலே ஒரு கதை புனைந்து, அம்மைப்பால் பசு அளிக்கும் வரமென ஜனங்களை இசைவிக்க முயன்றார். மைசூர் அரண்மனைப் பெண்டிரைத் தாமஸ் ஹிக்கி 1805-ஆம் ஆண்டளவில் தீட்டியதாகக் கருதப்படும் சித்திரத்தில், ஒரு மாதரசி தன் மேற்கையைக் காட்டி நிற்பது அம்மை குத்திக்கொண்டதன் அடையாளமே என ஆராய்ச்சியாளர் சிலர் கூறுவர்.

ஒருமுறை குத்தினால் ஆயுள் முழுதும் காவல் என்று ஜென்னர் நம்பினார். ஆனால் ஆண்டுகள் செல்லச் செல்ல அக்காவல் தளரும் என்பதை அனுபவம் காட்டிற்று. மறுபடி குத்திக்கொள்ளும் அவசியம் வயது வந்தோருக்கே நேர்ந்தும், குழந்தையை முன்னே தள்ளிவிட்டுத் தாம் பின்னே ஒதுங்கும் வழக்கம் பெரியோரிடம் நெடுங்காலம் நீடித்தது. ஆயினும், கிண்டி கிங் நிலையம் போன்ற கூடங்களில் தயாரான மருந்தும், ஊர் ஊராய் நடந்த ஊழியர்களின் பொறுமையும் சேர்ந்து, 1975-க்குப் பின் இத்தேசத்தில் பெரியம்மையே இல்லாமற் செய்தன.

இன்று அறுபதைக் கடந்தோரில் பலர் கையில் அம்மை குத்திய அந்த வட்டத் தழும்பு இருக்கிறது. முதுமையில் உடலின் எதிர்ப்புச் சக்தி குன்றுவதால், இன்ஃப்ளூயன்சாவும் நிமோனியாவும், நம் கிராமங்களில் குயவரை அழைத்துக் காவியால் எழுதுவித்த அக்கியும் அவர்களை எளிதில் வருத்துகின்றன. இவற்றுக்குத் தடுப்பூசி இருந்தும், அது குழந்தைகளுக்கானது என்ற பழைய எண்ணம் அவர்களைத் தடுக்கிறது. அவர்களிடம் அதட்டிப் பேசுவதில் பயனில்லை, அருகில் அமர்ந்து, அவர்கள் அச்சத்தை முழுதும் செவிமடுத்து, பிறகு அத்தழும்பைத் தொட்டு, ‘தாத்தா, அன்று உங்களைப் பெற்றவள் உங்களுக்காகத் துணிந்தாள், இன்று எங்களுக்காக நீங்கள் துணியலாகாதா?’ என்று கேட்பதே முறை.