பறவை வழியும் மாந்தர் வழியும்

இரண்டு ஊர்களுக்கு இடைப்பட்ட தொலைவு யாது என வினவினால், அதற்கு விடை ஒன்றன்று, இரண்டு. வானிற் பறக்கும் பறவைக்கு ஒரு கணக்கு. மண்ணில் நடக்கும் மாந்தர்க்கு மற்றொரு கணக்கு. தாயகம் விட்டு நெடுந்தொலைவு வந்து வாழும் நமக்கு, வானூர்தியின் புண்ணியத்தால் முதற்கணக்கே பழகிப்போயிற்று. மதுரைக்கும் கொச்சிக்கும் வான்வழித் தொலைவு ஏறத்தாழ 190 கிலோமீட்டர். தேனி, போடிநாயக்கனூர், போடிமெட்டு, தேவிகுளம், மூணாறு எனத் தரைவழியே மலை ஏறி இறங்கினாலோ 280 கிலோமீட்டருக்குக் குறையாது. பகற்பொழுதின் பெரும்பகுதியும் கழிந்துவிடும்.

இவ்விரு கணக்குகளும் தேவிகுளத்து மலைகளிற் பிரிந்து நின்றதுபோல் வேறெங்கும் நின்றதாக நமக்குத் தோன்றவில்லை. கண்ணன் தேவன் மலையில் விளைந்த தேயிலையைக் கீழே இறக்குவதற்கென 1902-ஆம் ஆண்டில் மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை ஒற்றைத் தண்டவாளம் இட்டனர். அதன்மேல் வண்டிகளை இழுத்தவை காளைகளே! 1908-இல் அது நீராவி இரயிலாயிற்று. டாப் ஸ்டேஷனிலிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பிவடத்தில் தொங்கியவாறே மலைச்சரிவைக் கடந்து, ஐந்து கிலோமீட்டர் தொலைவிலுள்ள கோட்டகுடியில் வந்திறங்கின. அங்கிருந்து போடிக்கு 15 கிலோமீட்டர் மாட்டுவண்டிப் பயணம். பின்னர்க் கப்பலேறி இங்கிலாந்து வரையிலும் சென்றன.

பறவையின் வழி பெட்டிக்கு வாய்த்தது. அப்பெட்டியை நிரப்பிய கைகளுக்கோ அது வாய்க்கவில்லை. மதுரை, திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து வந்த நம் மக்கள், கங்காணியர் பின்னே, மூட்டையும் குழந்தையுமாகக் கால்நடையாகவே மலையேறினர். ஒரு பேரரசின் வாணிகம் எதனை விரைவாகக் கொண்டுசெல்ல விரும்பியது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

1924-ஆம் ஆண்டு சூலைத் திங்களில் பெருவெள்ளம் வந்தது. கொல்லம் ஆண்டு 1099 ஆதலின், மலையாள நாட்டார் அதனைத் தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு வெள்ளம் என்பர். மூணாற்று இரயில்பாதை அதில் அழிந்தது, மீண்டும் எழவேயில்லை. மலைமேல் இரயில் மறைந்த நான்காம் ஆண்டில், அதாவது 1928-இல், மலையடிவாரத்துப் போடிக்கு மதுரையிலிருந்து இரயில் வந்து சேர்ந்தது விந்தையே.

1956 நவம்பர் முதல் நாள் மாநிலங்கள் பிரிந்தபோது கன்னியாகுமரி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. தேவிகுளம், பீர்மேடு பகுதிகள் தமிழர் கோரிக்கைக்கு மாறாகக் கேரளத்தில் நின்றன. அவ்வழக்கினை ஈண்டு விரிக்கப் புகோம். தோட்டத்து வீடுகளில் வாழ்ந்தோர்க்குத் திருமணமும் திருவிழாவும் மலைக்குக் கிழக்கேயும், அரசு அலுவலகம் மேற்கேயும் அமைந்தன என்று மட்டும் கூறுவோம்.

கம்பிவடம் இன்றில்லை. டாப் ஸ்டேஷனில் நின்றால் கிழக்கே தேனிச் சமவெளி கண்ணெதிரே விரிகின்றது. எனினும் கோட்டகுடிக்கு வண்டியிற் செல்வோர் மூணாறு திரும்பி, தேவிகுளம் கடந்து, போடிமெட்டு இறங்கி, போடியைச் சுற்றியே வருதல் வேண்டும். வழி நூறு கிலோமீட்டரைத் தாண்டுகிறது. அகலப்பாதைப் பணிக்காக 2010-இன் இறுதியில் நின்ற போடி இரயில், 2023 சூன் திங்களில்தான் மீண்டும் ஓடத் தொடங்கியது. விடுமுறைக்குத் தாயகம் செல்லும் அன்பர்கள் சென்னையில் ஏறிப் போடியில் இறங்கலாம். அதற்குமேல் மலைவழிப் பேருந்துதான்.