நட்சத்திரம் பதித்த பேருந்து

பழைய புகைப்படம் ஒன்றைக் கையில் எடுத்தால் நம் கண்கள் முதலில் முகங்களைத் தேடுகின்றன. பழைய ஊர்திகளில் ஆர்வம் கொண்டோரின் கண்கள் அப்படியல்ல. மணமக்களையோ, வருகை தந்த ஆயரையோ அவர்கள் பார்ப்பதில்லை. பின்னால் பாதி மறைந்து நிற்கும் காரின் முகவிளக்கையும் சக்கரத்தின் நடுமூடியையும் பார்க்கிறார்கள். இத்தகைய படங்களைத் தங்களுக்குள் பரிமாறிக்கொண்டு, எந்த ஊர்தி, எந்த ஆண்டு என்று நாள்கணக்கில் வாதிடுகிறார்கள். இது வேலையற்றோர் பொழுதுபோக்கு என்றே நானும் எண்ணியிருந்தேன், தளவாய்புரத்தில் எங்கள் பூர்வீக வீட்டுச் சுவரில் தொங்கிய படமொன்றை இராஜபாளையத்து நண்பர் ஒருவர் பார்க்கும் வரையில்.

அதைச் சொல்லுமுன் பேருந்துகளின் கதையைச் சிறிது சொல்லவேண்டும். சென்னையில் சிம்சன் நிறுவனம் 1903-இல் நீராவிக் காரையும், 1905-இல் நீராவிப் பேருந்தையும் உருவாக்கியது. மதுரையில் டி.வி. சுந்தரம் ஐயங்கார் 1910-களின் தொடக்கத்தில் பேருந்துத் தொழிலில் இறங்கினார். கோயம்புத்தூர் ஜி.டி. நாயுடு 1920-இல் ஒரே ஒரு பேருந்தைப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஓட்டத் தொடங்கி, பின்னர் பெரும் நிறுவனமாக வளர்த்தார். நம் பகுதிக்கு விருதுநகர்–தென்காசி இருப்புப்பாதை 1927-இல் வந்தது. ஆயினும் புகைவண்டி நிலையத்திலிருந்து விலகிக் கிடந்த சிற்றூர்களுக்கு உலகத்தைக் கொண்டுவந்து சேர்த்தது பேருந்தே. சந்தைக்கும் நீதிமன்றத்துக்கும் ஆண்டாள் கோவில் தேருக்கும் மக்கள் அதில்தான் போனார்கள்.

அக்காலப் பேருந்தைப் படத்தில் கண்டு இனங்காண்பது எளிதன்று. தொழிற்சாலையிலிருந்து வந்தது இயந்திரமும் அடிச்சட்டமும் மட்டுமே. மேற்கூடு முழுவதும் நம்மூர்த் தச்சரும் கொல்லரும் மரச்சட்டம் இழைத்து, தகடு அடித்து உருவாக்கியது. ஒரே ஆண்டில் வந்த இரண்டு அடிச்சட்டங்கள் இரண்டு பட்டறைகளில் இரண்டு வடிவம் பெற்றன. எனவே உடலை நம்பக்கூடாது, முகத்தை நம்பவேண்டும் என்பது இந்த ஆர்வலர்களின் பாலபாடம். நீண்டு நிற்கும் முன்மூக்கு, ரேடியேட்டரை மறைக்கும் கம்பிகளின் வரிசை, அதன்மேல் பதித்த சின்னம் ஆகியவையே சாட்சிகள். முகமும் சில வேளை ஏமாற்றும். உடைந்த முகப்புக்கு வேறொரு வண்டியின் முகப்பைப் பொருத்திவிடும் கைத்திறன் நம்மவர்க்கு எப்போதும் உண்டு.

பின்புறத்தில் உருளைபோல ஒரு கொதிகலன் தொங்கினால் அது இரண்டாம் உலகப்போர்க் காலம். பெட்ரோல் கிடைக்காத அந்நாளில் கரியை எரித்து அதன் வாயுவினால் வண்டியை ஓட்டினார்கள். ஃபோர்டு, செவர்லே முகங்கள் மிகுந்திருந்தால் பெரும்பாலும் 1950-களின் முற்பகுதிக்கு முந்தியது. உள்நாட்டிலேயே உற்பத்தி செய்யும் திட்டமில்லாத அயல்நாட்டு நிறுவனங்கள் அதன்பின் கடையைக் கட்டின. எண்பலகை ‘எம்’ என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கினால் மெட்ராஸ் மாநிலம். 1969-இல் தமிழ்நாடு என்று பெயர் மாறியபின் அவ்விடத்தில் ‘டி’ வந்தது. பேருந்தின் பக்கவாட்டில் பாண்டியன் பெயர் இருந்தால், 1972-இல் தனியார் பேருந்துகள் அரசுடைமையானதற்குப் பிந்தியது.

நம் மாவட்டத்துக்கே உரிய துயரமான அடையாளம் ஒன்றும் உண்டு. 1997 மே மாதத்தில் வீரன் சுந்தரலிங்கம் பெயரில் விருதுநகர் மாவட்டத்துக்கென ஒரு போக்குவரத்துக் கழகம் தொடங்கப்பட்டது. அப்பெயருள்ள பேருந்தில் ஏறமாட்டோம் என்று ஒரு சாரார் எதிர்த்தனர்; கலவரம் மூண்டு உயிர்கள் போயின. அவ்வாண்டு ஜூலையில் எல்லாக் கழகங்களிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் தலைவர்கள் பெயரை அரசு நீக்கியது. அப்பெயர் தாங்கிய பேருந்தின் படம் எவரிடமாவது இருந்தால், அது சில வாரங்களுக்குள் எடுக்கப்பட்டது என்று உறுதியாய்ச் சொல்லிவிடலாம். ஒரு பெயர்ப்பலகைக்கு அவ்வளவு குறுகிய ஆயுளை நாம் கொடுத்தோம்.

இனி எங்கள் வீட்டுப் படம். என் பெரியப்பா தனியார் பேருந்து ஒன்றில் கிளீனராக வேலை பார்த்தவர். 1952-இல் காய்ச்சலில் இறந்தபோது அவருக்கு இருபது வயதுகூட நிறையவில்லை. அவருடைய படம் ஒன்றும் வீட்டில் இல்லை. சில ஆண்டுகள் கழித்துப் பாட்டி அந்தப் பேருந்து முதலாளியின் வீட்டுக்கே நடந்துபோய், மகன் இருக்கும் படம் ஏதேனும் கிடைக்குமா என்று கேட்டு, இதை வாங்கிவந்தார். பேருந்தின் முன்மூக்கில் ஒரு கையை வைத்துக்கொண்டு மெலிந்த இளைஞன் ஒருவன் சிரித்தபடி நிற்கிறான். ஒவ்வொரு கல்லறைத் திருநாளன்றும் இப்படத்தின் முன் மெழுகுதிரி ஏற்றிச் செபித்து வளர்ந்தவர்கள் நாங்கள்.

நண்பர் இளைஞனைப் பார்க்கவில்லை. முகப்பின் நடுவில் வட்டத்துக்குள் இருந்த மூன்று முனை நட்சத்திரத்தைப் பார்த்தார். “சார், இது டாடா மெர்சிடிஸ் பென்ஸ். ஜெம்ஷெட்பூரில் இந்த வண்டி வெளிவரத் தொடங்கியதே 1954-இல்தான். 1969-இல் ஜெர்மானியரோடு ஒப்பந்தம் முடிந்து நட்சத்திரமும் போயிற்று. எண்ணும் ‘எம்’மில் தொடங்குகிறது. இரண்டுக்கும் இடைப்பட்ட படம்” என்றார். சரியாகக் கண்டுபிடித்த மகிழ்ச்சி அவர் முகத்தில் இருந்தது. பெரியப்பா இறந்த ஆண்டை அவருக்கு நான் சொல்லவில்லை.

நினைவு தவறாயிருக்கலாம் என்று கோவிலின் அடக்கப் பதிவேட்டைப் பங்குத்தந்தையின் அனுமதியோடு புரட்டினேன். 1952 என்றுதான் இருந்தது. உடன்பிறந்தவர்களில் இன்று எஞ்சியிருப்பவர் எண்பது கடந்த என் அத்தை மட்டுமே. படத்தைக் கழற்றி அவர் மடியில் வைத்து, “அத்தை, இவர் பெரியப்பாதானா, நல்லாப் பாருங்க” என்றேன்.

வெகுநேரம் பார்த்தார். “எங்க அண்ணன் முகம் எனக்கு மறந்து எத்தனையோ வருசமாச்சுய்யா. அம்மா இதைக் காட்டித்தான் அழுவா. நானும் அழுவேன்” என்றார். பாட்டிக்குத் தெரிந்திருக்குமா என்று கேட்டதற்கு அவர் விடை சொல்லவில்லை. படத்தை முந்தானையால் துடைத்து, பழைய இடத்திலேயே மாட்டச் சொன்னார்.

மாட்டுமுன் படத்தின் பின்புறத்தில் பென்சிலால் எழுதினேன்: ‘1954-க்கும் 1969-க்கும் இடையில். பெயர் தெரியவில்லை.’ கடந்த நவம்பர் 2-ஆம் நாள் அத்தை இரண்டு மெழுகுதிரிகள் வாங்கிவரச் சொன்னார்.