தங்கையின் நோயும் தூங்கும் நொதியும்



மலத்தோடு இரத்தம் போனால் நம் தோட்டங்களில் முதலில் சொல்லும் பெயர் மூலம், அடுத்தது சீதபேதி. நான் சிறுபிள்ளையாக இருந்தபோது எங்கள் லயத்துப் பெரியவர் ஒருவர், மூலம் என்றெண்ணி ஓராண்டாய்க் கருணைக்கிழங்கு தின்றே காலம் கழித்தார். ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனபோது நோய் முற்றியிருந்தது. அது குடல் புற்றுநோய்.

படித்தவர் குடும்பத்திலும் இப்படி நடந்ததுண்டு. புதுக்கோட்டையில் 1886இல் பிறந்து, 1912இல் சென்னையில் மருத்துவப் பட்டம் பெற்றவர் முத்துலட்சுமி ரெட்டி. 1920களின் தொடக்கத்தில் அவருடைய தங்கைக்கு வந்த நோயைச் சீதபேதி என்றே முதலில் நினைத்தார்கள். பிறகுதான் மலக்குடல் புற்றுநோய் எனத் தெரிந்தது. தங்கை பிழைக்கவில்லை. அந்தத் துயரத்தை அக்காள் மறக்கவில்லை. 1952இல் நேரு அடிக்கல் நாட்ட, 1954 ஜூன் 18ஆம் நாள் அடையாற்றில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் மருத்துவமனை திறக்கப்பட்டது.

ஆனால், ஓர் உயிரணு அடங்காமல் பெருகுவது எப்படி என்ற கேள்விக்கு அன்று தெளிவான விடை இல்லை.

பேராக்கில் பல ரப்பர் தோட்டங்கள் இன்று செம்பனைக் காடாகிவிட்டன. ஆனாலும் பால் மரம் வெட்டிய கைகள் நம் வீடுகளில் உண்டு. அவர்களுக்கு இது எளிதில் விளங்கும். ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தி ஒரு மெல்லிய சீவல் பட்டையை எடுக்கிறது. பட்டை தீர்ந்தால் அந்தப் பக்கம் வெட்ட முடியாது. உயிரணுவுக்குள் இருக்கும் குரோமோசோம் இழைகளின் நுனியிலும் அப்படியொரு பட்டை உண்டு. அதற்கு டெலோமியர் என்று பெயர். அணு இரண்டாகப் பிரியும்போதெல்லாம் அது சற்றுக் குறையும்; மிகக் குறைந்தால் அணு பிரிவதை நிறுத்திவிடும். மரத்துப் பட்டை தானே வளரும், இது வளராது. இதை வளர்க்கத் தனியாக ஒரு நொதி வேண்டும்.

அந்த நொதியைக் கண்டவர்கள் இரு பெண்மணிகள்: எலிசபெத் பிளாக்பர்னும் அவர் மாணவி கேரல் கிரைடரும். குளத்து நீரில் வாழும் ஓரணு உயிரொன்றை ஆராய்ந்தபோது, 1984 கிறிஸ்துமஸ் நாளில் மாணவியின் கண்ணில் அதன் தடயம் பட்டது. டெலோமரேஸ் என்று பெயரிட்டார்கள். 2009இல் ஜாக் சோஸ்டாக்குடன் சேர்த்து இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

நம் உடம்பின் பெரும்பாலான அணுக்களில் இந்த நொதி தூங்குகிறது. புற்றுக்கட்டிகளில் பத்தில் ஏறக்குறைய ஒன்பதில் விழித்திருக்கிறது. குடலின் உட்தோலோ சில நாட்களுக்கொருமுறை புதிதாகிறது. எனவே அங்கே பிரிவும் அதிகம், பிழைக்கு வாய்ப்பும் அதிகம். முதலில் பாலிப் என்னும் சிறு முளை தோன்றும். அதன் அணுக்கள் ஓயாமல் பிரிவதால் நுனிப்பட்டை தேய்ந்து, குரோமோசோம்கள் ஒன்றோடொன்று ஒட்டி உடைகின்றன. அவற்றில் பல அணுக்கள் மடிந்துவிடும். டெலோமரேஸை எழுப்பிக்கொண்ட ஓர் அணு தப்பிவிட்டால், அதற்குப் பிறகு அதன் பட்டை தீர்வதே இல்லை.

முளை புற்றாவதற்குப் பெரும்பாலும் பத்தாண்டுபோல் ஆகிறது. அதற்குள் கண்டால், குழாய்க் கருவியை உள்ளே செலுத்தி முளையை அறுத்தெடுத்துவிடலாம். மலத்தில் கண்ணுக்குத் தெரியாத இரத்தத்தைக் காட்டும் சோதனை, 50 வயதைத் தாண்டியவர்களுக்கு அரசாங்கக் கிளினிக்குகளில் உண்டு. ஒரு சிறு குப்பியில் கொஞ்சம் மலம் கொடுத்தால் போதும். வீட்டுப் பெரியவர்கள் கூச்சப்படுவார்கள். என் தகப்பனாரும் இரண்டு முறை குப்பியை மறைத்து வைத்தார், மூன்றாம் முறைதான் கொடுத்தார். இரத்தம் கண்ணுக்கே தெரிந்தால் குப்பிக்காகக் காத்திராமல் நேரே டாக்டரிடம் போய்ச் சொல்லுங்கள்.